எங்கெல்லாம் வலிக்குது?

எலும்பு டாக்டர்னா ஒடைஞ்சதை ஒட்டுறவர்னுதான் பெரம்பலூர்ல பேரு. அடியே படாம வலிக்கிற எலும்பு வந்துட்டா எங்க பாடு திண்டாட்டம். டாக்டர் முன்னாடி உட்கார்ந்ததும் பேச்சே மறந்துபோற உங்களுக்கு இந்தக் கதை புரியும்.

அடிபடாத கால்

குன்னம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா, பிளஸ் ஒன் படிக்கிற மகள் தேன்மொழியைக் கூட்டிட்டு வந்தாங்க. முழங்காலுக்குக் கீழே வீக்கம். எலும்புல சீழ்னு வேற எடத்துல மாத்தி மாத்தி மாத்திரை குடுத்தும் கேக்கலை. எக்ஸ்ரேல எலும்பு அரிச்சிருந்துச்சு. புத்துநோயா இருக்குமோன்னு எனக்கே பக்குன்னு ஆச்சு. எலும்புலேர்ந்து துளி எடுத்து திருச்சிக்குச் சோதனைக்கு அனுப்பினேன். அந்தம்மா மகளை வெளியே உட்கார வெச்சுட்டு வந்து சொன்னாங்க: "காலை எடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க சார். அவ அப்பாகிட்ட பக்குவமா சொல்லணும்."

பஸ்ஸுல ஒத்திகை

சோதனையில புத்துநோயும் இல்லை, கிருமியும் இல்லை. அப்ப என்னதான் இது? மண்டை காஞ்சுபோச்சு. மறுபடி பார்க்கும்போது துப்பட்டா விலகி, கழுத்துக்குக் கீழே காறை எலும்பு புடைச்சிருந்தது கண்ணுல பட்டுச்சு. "இது எப்பலேர்ந்து?"ன்னேன். பொண்ணு அம்மா மூஞ்சியைப் பார்த்துச்சு. எனக்குக் கோவம் வந்து சத்தம் போட்டுட்டேன். அந்தம்மா மென்னு முழுங்கி சொன்னாங்க: "நாலு எடம் வலிக்குதுன்னா, பள்ளிக்கூடம் போகாம இருக்க புள்ள நடிக்குதும்பீங்க. அதான் சார், காலை மட்டும் சொல்லுன்னு பஸ்ஸுலயே சொல்லிக் கூட்டியாந்தேன்."

திரையில தெரிஞ்சது

உச்சந்தலையிலேர்ந்து பாதம் வரைக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னேன். யப்பா! ரெண்டு கால்லயும், காறை எலும்புல, இடுப்புல, முதுகுத்தண்டுலன்னு வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கிடந்துச்சு. உடம்போட காவல் படையே கிருமி எதுவும் இல்லாம எலும்பைத் தாக்குற அபூர்வமான நோய். புஸ்தகத்துல படிச்சதோட சரி, கண்ணால பார்த்ததில்லை. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. ஸ்கேன் பார்க்கிற டாக்டர் திரையை விட்டுக் கண்ணெடுக்காம கேட்டார்: "இவ்வளவையும் வெச்சுக்கிட்டு இந்தப் பொண்ணு எப்படிய்யா நடந்து வந்துச்சு?"

கால் இருக்கு

"காலை எடுக்க வேண்டாம்மா. திரும்பத் திரும்ப வந்து தொல்லை குடுக்கும், ஆனா மருந்துல அடக்கிடலாம்"னு சொன்னேன். அந்தம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. என் கண்ணும் கலங்கிடுச்சு. தேன்மொழி மட்டும் அழலை. நிமிர்ந்து என்னைக் கேட்டுச்சு: "அப்ப இனிமே எல்லா எடத்தையும் சொல்லலாமா சார்?"

அதுலேர்ந்து "வேற எங்க வலிக்குது?"ன்னு கேட்டுக் கேட்டே ஒவ்வொருத்தருக்கும் அரை நாள் ஆக்குறேன், வெளியில டோக்கனோட உட்கார்ந்திருக்கிற நீங்கதான் பொறுத்துக்கணும்.