டாக்டரின் கேமராவும் என் நெற்றிப் பொட்டும்

ஆராய்ச்சிக்கூடத்தில் தேநீர் கலக்கித் தரை துடைக்கிற வேலையில், கோப்பை உடைந்தாலும் கண்டுபிடிப்பு உடைந்தாலும் பழி ஒரே ஆள்மேல்தான் விழும்.

 நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தப்பாகச் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். சரியாகச் சொல்லிவிட்டால் இன்னும் வம்பு. ஆனாலும், படித்தவர்களுக்குக் கீழே வேலை பார்த்து நொந்துபோன அக்கா தங்கைகளே, உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் டாக்டர் குணநாயகம் சிலோன்காரர், இங்கிலாந்தில் படித்தவர். ஒரு மனிதன் அறைக்குள் நுழைந்ததும் அவன் கண் முதலில் எதன்மேல் விழுகிறது, ஏன் விழுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதைக் கணினிக்கும் கற்றுக்கொடுக்க, கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் கேமரா ஒன்றை வைத்திருந்தார். இதற்கெல்லாம் அரசாங்கப் பணம் கோலாலம்பூரிலிருந்து வந்தது. ஆண்டுக்கொரு முறை அதிகாரிகள் வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த ஆண்டும் நடக்கும். என் வேலையும் அதில்தான் தொங்கியது. வீட்டுக்காரருக்கு நாங்கள் குடியிருந்த ஜெலுத்தோங்கில் மோட்டார்சைக்கிள் பட்டறையில் வேலை. முதுகு போய்ப் பாதி நாள் படுக்கை. ஆகவே அந்தக் கேமரா ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்று டாக்டரைவிட அதிகமாகச் சாமி கும்பிட்டவள் நான்.

சுத்தம் செய்த குற்றம்

சேர்ந்த முதல் வாரம். மேசைமேல் காய்ந்த வாழைப்பழம், உடைந்த பொம்மைக் கார், பச்சைக் கோப்பை, கசங்கிய காகிதம் என்று என்னென்னவோ இறைந்து கிடந்தன. பெரிய படிப்புப் படித்தவர்கள், பெருக்கத்தான் தெரியவில்லை என்று நினைத்து, பழத்தைக் குப்பையில் போட்டேன். மற்றதை அலமாரியில் அடுக்கினேன். மேசையை ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன்.

டாக்டர் வந்து பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். உதவியாளர் மிஸ் லிம்தான் என்னை ஓரமாக அழைத்துப்போய், மலாயில் பொறுமையாகச் சொன்னாள்: “அக்கா, நீங்கள் கொட்டிய குப்பைதான் எங்கள் ஆராய்ச்சி.”

தட்டோடு நுழைந்தேன்

அதிகாரிகள் வந்த நாள். கேமரா எதைப் பார்க்கிறதோ அதைச் சுற்றி டிவியில் ஒரு பச்சைக் கட்டம் விழும். மேசைமேல் சிவப்புப் பந்து வைத்திருந்தார்கள். கேமரா பந்தைப் பார்த்தது, கட்டமும் விழுந்தது. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் தேநீர்த் தட்டோடு நுழைந்தேன்.

கேமரா பந்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. டிவியில் என் முகம். நெற்றியில் சிவப்புப் பொட்டு. அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம். நான் இடதுபக்கம் போனால் அதுவும் இடதுபக்கம். பயத்தில் குனிந்தேன், அதுவும் குனிந்தது. ஒரு சீன அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். “டாக்டர், தமிழ்ப் பெண்கள் இல்லாத ஊரில் இது என்ன செய்யும், தூங்குமா?” என்று வேறு கேட்டார். எப்படியோ அந்த முறை பணம் வந்தது. ஆனால் அவர்கள் போனதும் டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நான் இவ்வளவு காலமும் செய்த வேலை முழுதையும் உங்கட நெத்தியில ஒட்டிக்கொண்டு திரியிறியள், அக்கா!”

வீட்டுக்காரர் இறந்த கதை

அடுத்த ஆண்டு டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: “அந்தப் பொட்டை ஒரு நாளைக்கு எடுத்துவிடுங்கோ. பின்னேரம் திருப்பி ஒட்டலாம்தானே.” அவருடைய அம்மாவும் பொட்டு வைத்தவர்தான்; ஆனால் அந்த அம்மா கேமரா முன்னால் தேநீர் கொண்டுவரவில்லை. சுமங்கலியிடம் இப்படிச் சொல்லலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. வேலை முக்கியம். மாரியாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பொட்டை எடுத்து ஆராய்ச்சிக்கூடத்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். அன்று கேமரா பந்தை மட்டுமே பார்த்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குச் சந்தோஷத்தில் பொட்டு மறந்துபோனது. அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

ஜெலுத்தோங்கில் இறங்கினேன். எதிர்வீட்டுப் பாக்கியம் பாசார்ச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தவள், சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே என் நெற்றியைப் பார்த்துவிட்டாள். கீரையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “ஐயோ அக்கா, அண்ணன் எப்பக்கா? காலையிலகூட நல்லாத்தானே லா இருந்தாரு!” நான் விளக்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒப்பாரியோடுதான் பிளாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கையில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: “சரி, நான் போயிட்டேன். இந்தத் தட்ட முடிச்சிட்டுப் போறேன், கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க.”

பாக்கியத்தின் கண்

மறுநாள் இதை டாக்டரிடம் சொல்லித் தொலைத்தேன். அவமானப்பட்டவள் நான், துள்ளிக் குதித்தவர் அவர். இருப்பது சட்டென்று கண்ணில் படும், இல்லாதது படுவது கஷ்டம் என்று எங்கோ எழுதியிருந்தாராம். “சாலைக்கு அங்கால இருந்தே கண்டவவோ? அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார்.

பாக்கியம் பட்டுச்சேலையில் வந்தாள். திரையில் படம் வரும். எது இல்லையோ அதைச் சொல்ல வேண்டும். முதல் படம் ஒரு பெண். வளையல் இல்லை, தோடு இல்லை, முகத்தில் சிரிப்பு இல்லை, மாமியார் கொடுமையாக இருக்கும் என்றாள் பாக்கியம். மிஸ் லிம் எழுதுவதை நிறுத்திவிட்டாள். படத்தில் இருப்பதை மட்டும் சொல்லச் சொன்னார் டாக்டர். பாக்கியம் திரையை விட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்துச் சொன்னாள்: “ஒங்க சட்டையில மூணாவது பொத்தான் இல்ல டாக்டர். வீட்டுல பாக்க ஆளு இல்லியா?”

புவானின் புரோச்

மூன்றாம் ஆண்டு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மிளகளவு கறுப்புப் பொட்டு. என் நிறத்துக்குக் கேமராவுக்கும் தெரியாது, பாக்கியத்துக்கும் குறை தெரியாது. டாக்டர் சோதித்துப் பார்த்துச் சரி என்றார்.

இந்த முறை தலைமை அதிகாரியே வந்தார். மலாயில் மரியாதையாகப் புவான் என்று அழைத்து எல்லோரும் எழுந்து நின்ற பெரிய அம்மா. உடம்பில் சிவப்பு பாஜு கூரோங் உடை. நெஞ்சில் குத்தியிருந்த கல் வைத்த புரோச் ஊசி, விளக்கொளியில் மின்னிக்கொண்டிருந்தது. கேமரா பந்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் புவானின் நெஞ்சுக்குப் போய், பெரிய டிவியில் பச்சைக் கட்டம் போட்டு, அங்கேயே நின்றுவிட்டது. அவர் நகர, அதுவும் நகர்ந்தது. புத்தகத்தால் மறைத்தார்; எட்டிப் பார்த்தது.  டாக்டர் மெதுவாகத் திரும்பி, மூலையில் தட்டோடு நின்ற என்னை முறைத்தார்! புவான் கைப்பையை எடுத்துக்கொண்டு சொன்னார்: “டாக்டர், உங்கள் கணினிக்குக் கண்ணைக் கொடுத்தீர்கள், சரி. மரியாதை யார் கொடுப்பது?”

இடமாற்றம்

மறுவாரம் மிஸ் லிம் வந்து காதில் சொன்னாள்: கோலாலம்பூருக்குப் போகும் அறிக்கையில், ‘பணியாளர் நடமாட்டத்தால் கேமராவின் கவனம் சிதறியது’ என்று இருக்கிறதாம். நடமாடியது நான், சிதறப்போவதும் நானாகத்தான் இருக்கும். பதில் வரும்வரை காத்திருந்தால் தெருவில்தான் நிற்பேன்.

அன்று மத்தியானமே தலைமை கிளார்க் அந்தோனி அண்ணனிடம் ஓடினேன். “எதுக்குமா மாத்தல்?” என்றார். “கண்ணு இல்லாத இடமா ஒண்ணு பாத்துக் குடுங்கண்ணே” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப கணக்குப் பிரிவுக்குப் போ. அங்க எது நடந்தாலும் யாரும் பாக்க மாட்டாங்க.”

அங்கே சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு தேநீர் கொடுத்தேன், ஓர் ஆள் தலை நிமிரவில்லை, வேலையும் நிரந்தரமாகிவிட்டது.