மெத்தையில் விழும் ஸ்பேனர்

டெல்பர்ட் கிராஸ் வீசிய ஸ்பேனர் மெத்தையில் பட்டுச் சத்தமில்லாமல் விழுகிறது. விமானக் கொட்டகைச் சுவரில் அந்தப் பழைய மெத்தையைத் தொங்கவிட்டவர் அவருடைய மனைவி நோரீன். "எறியாதேன்னா கேக்கவா போற? இறக்கைல படாம எறி, போதும்." அன்றிலிருந்து எவ்வளவு கோபத்திலும் டெல்பர்ட் குறி தவறுவதில்லை.

ஓக்லஹோமாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளி விடும்வரை கொட்டகைதான். தன் கையால் கட்டிய விமானத்தில், பழைய காரிலிருந்து கழற்றிய ரோட்டரி எஞ்சினைத் திருத்திப் பொருத்திக்கொண்டிருக்கிறார். பிஸ்டன் கிடையாது, முக்கோண உருளைகள் உள்ளே சுற்றும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் ஆளை விடமாட்டார். குறை சொன்னால் முகத்திலேயே விழிக்கமாட்டார்.

எந்தத் தப்பும் அவர் செய்ததில்லை. எண்ணெய் ஒழுகினால் ரப்பர் வளையம் விற்றவன் திருடன். தண்ணீர் கசிந்தால், "எஞ்சினுக்கு வரைபடம் போட்டவன் குடிச்சிட்டுப் போட்டிருக்கான்."

பக்கத்துக் கொட்டகை ஹார்லன், விமானத்துக்கென்றே செய்த எஞ்சினை வாங்கி மாட்டி நிம்மதியாகப் பறக்கிறவர். டெல்பர்ட்டுக்கு அதுவே எரிச்சல். நேற்று வந்த ஹார்லன், எஞ்சினின் முன்புறத்தில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைப் பிடித்துத் தள்ளினார், இழுத்தார்.

"என்ன டெல், அசையவே மாட்டேங்குது? மயிரிழை ஆட்டமாவது இருக்கணும்னு நீதானே சொல்லுவே?"

"புதுப் புல்லி. இறுக்கமாத்தான் இருக்கும்."

"மாத்தறப்போ எஞ்சினை மூக்கு மேல பாக்க நிமித்தினியா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா? போய்யா வெளியே!"

அப்போது அவர் வீசிய ஸ்பேனர் மட்டும் மெத்தைக்குப் போகவில்லை. ஹார்லனின் காலடியில் போய் விழுந்தது.

எஞ்சினை நிமிர்த்தவில்லை என்பதுதான் உண்மை. வரும் சனிக்கிழமை, பான்கேக் காலை விருந்துக்காக ஊரே ஓடுபாதையில் கூடும் நாள், முதல் பறப்பு என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. எஞ்சினை இறக்கி நிமிர்த்த நேரமேது என்று, படுத்தவாக்கிலேயே முன் போல்ட்டைக் கழற்றியிருந்தார். அப்படிக் கழற்றினால் உள்ளிருக்கும் ஊசி பேரிங் நழுவிவிடும், தெரியாமல் இறுக்கினால் நசுங்கும், புல்லி ஆடாது, வானத்தில் எஞ்சின் நின்றுபோகும் என்று மற்ற ரோட்டரிக்காரர்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவரும் இவர்தான்.

இன்று இறக்கினார், நிமிர்த்தினார், கழற்றினார். பேரிங் ஒரு பக்கம் கடிபட்டு நசுங்கிக் கிடந்தது. யாரைத் திட்டுவது? விற்றவனையா, படம் போட்டவனையா?

சாண்ட்விச்சோடு வந்த நோரீன் எட்டிப் பார்த்தார். "யாரு பண்ண வேலை இது?"

"ஒரு மடையன்."

"பேரு?"

"சாப்பாட்டை வச்சிட்டுப் போ!"

"சனிக்கிழமை பறக்கலையா அப்போ?"

"இல்ல! மறுபடி மாட்டி ஓட்டிப் பாக்கவே ஒரு வாரமாகும்!" கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

கைவசம் இருந்த வேறொரு பேரிங்கை வைத்து, எஞ்சின் நிமிர்ந்து நிற்கும்போதே போல்ட்டை இறுக்கினார். பிறகு ஹார்லனின் வாசலில் போய் நின்றார்.

"என்ன, இன்னொண்ணு எறியணுமா?" என்றார் ஹார்லன்.

டெல்பர்ட் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து, கையைப் புல்லிமேல் வைத்தார். "தள்ளு."

ஹார்லன் தள்ளினார். டிக். இழுத்தார். டிக்.

"ம்ம். இப்போ ஆடுது. அப்போ நேத்து?"

டெல்பர்ட் சட்டைப் பையிலிருந்து நசுங்கிய பேரிங்கை எடுத்தார். கோபம் தணியாத முகத்தோடு அதை ஹார்லனின் உள்ளங்கையில் அழுத்தி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.