எழிலரசி எடுத்த கை

ஆங்கில வினைச்சொற்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் துக்கடாச் சொற்கள் மேல் எழிலரசிக்கு அப்படியொரு ஆர்வம். ஜம்ப் என்றால் குதி. ஜம்ப் அப் என்றால் விருட்டென்று எழு. ஜம்ப் பேக் என்றால் திடுக்கிட்டுப் பின்னால் துள்ளு. நாம் விருட்டென்று, வெடுக்கென்று என்று முன்னால் போடுவதை வெள்ளைக்காரன் ஏன் வாலில் கட்டுகிறான்? சுங்குவார்சத்திரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை பஸ்ஸில் நின்றபடியே நோட்டில் எழுதிக்கொண்டு போவாள்.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் 1991-ல் அவளைத் தகடு கம்பெனியின் பேக்கிங் பிரிவிலிருந்து தூக்கி ஆபீஸ் கிளார்க் நாற்காலியில் உட்காரவைத்தார் சூப்பர்வைசர் பரசுராமன். "ஒரு மாசம் பாப்பேன். சரிவரலன்னா திரும்பப் பேக்கிங்தான்."

இரண்டாவது வாரமே சோதனை வந்தது. தகடு அழுத்தும் மெஷின், பெடலை யாரும் மிதிக்காமலே தானாக இறங்கியது. அதில் வேலை செய்துகொண்டிருந்த நாகப்பன் மயிரிழையில் தப்பினார்.

"வெடுக்குனு கைய எடுத்துகினேன் எழிலு. இல்லாட்டி இன்னா ஆயிருக்கும்!"

இதை மெட்ராஸ் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எடு என்றால் டேக். வெடுக்கென்றுக்கு ஒரு வால் வேண்டுமே? விமானம் விர்ரென்று கிளம்புவது டேக் ஆஃப். ஆகா! 'நாகப்பன் டுக் ஆஃப் ஹிஸ் ஹேண்ட்' என்று பெருமையாக எழுதி அனுப்பினாள்.

இரண்டே நாளில் கார் வந்து நின்றது. மெட்ராஸ் ஆபீசர் தாவீது சாத்துக்குடிப் பையோடு இறங்கினார்.

"கை போன நாகப்பன் எந்த ஆஸ்பத்திரில இருக்காரு?"

டீ கிளாசும் கையுமாக எழுந்து நின்றார் நாகப்பன். தாவீது லெட்டரை எடுத்து எழிலரசியிடம் நீட்டினார்.

"கையைக் கழட்டி எடுத்துட்டான்னு எழுதியிருக்கியேம்மா! புல்டு பேக்னு போடணும்."

"போ, பேக்கிங்குக்கே போ," என்று கத்தினார் பரசுராமன்.

எழிலரசிக்கு அவமானத்தில் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம் அவளை விடவில்லை.

"சார், புல்டு பேக்னு எழுதியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா? இந்த மெஷினப் பத்தி முன்னாடியே மூணு லெட்டர் போயிருக்கு. பழைய கிளார்க் எழுதினாரு. எல்லாமே நல்ல இங்கிலீஷ்தான்."

தாவீது பையை மேஜைமேல் வைத்துவிட்டு நேராக மெஷினிடம் போனார். அன்றே அதை நிறுத்தினார்கள். கம்பித் தடுப்பு மாட்டிய பிறகுதான் மறுபடி ஓடியது.

எழிலரசியைப் பேக்கிங்குக்குப் போகச் சொல்ல அப்புறம் யாருக்கும் வாய் வரவில்லை. நாகப்பன் அந்தச் சாத்துக்குடிகளைப் பத்து விரலாலும் உரித்து, முதல் சுளையை அவளிடம் நீட்டினார்.