சுன்பேயின் கள்ளும் பரவாயில்லை என்ற ஊரும்

எந்த எஞ்சினாக இருந்தாலும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, காதால் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் சுன்பே. குவேசான் வட்டாரத்தில் உழவு வண்டி, நாற்று நடும் எந்திரம், மருந்தடிக்கும் பம்பு, எது மக்கர் பண்ணினாலும் அவர் பட்டறைக்குத்தான் வரும். அப்படிப்பட்ட ஆளை ஒரு மண்ஜாடி மூன்று வருடமாகப் படாதபாடு படுத்தியது.

சுன்பே பிறந்தது பூசான் துறைமுகத்தில். அங்கே மீன் கெட்டுப்போயிருந்தால் கெட்டுப்போச்சு என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இருபத்தேழு வயதில் வேலை தேடி இந்த மலைநாட்டுக்கு வந்து, மியோங்ஜாவைக் கட்டிக்கொண்டு, முப்பது வருடம் ஓட்டியும் இந்த ஊர்ப் பேச்சு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். "இன்னிக்குக் கொஞ்சம் யோசிக்குதுப்பா" என்பார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றால், "நிக்கிறதுக்கு அவ்வளவா இஷ்டமில்ல போல" என்பார்கள். அதைக் கேட்டு வண்டியை எடுத்தவர் ஒருமுறை சோளக்காட்டுக்குள் போய்த்தான் நின்றார்.

அறுப்பு முடிந்து எந்திரங்கள் கொட்டகைக்குள் போய்விட்டால் பட்டறையில் வேலை குறையும். அந்த ஒன்றரை மாதமும் சுன்பேக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் கில்சூ, அவர் வயதுக்காரன், மிளகாய் பயிர் செய்பவன். இன்னொருவர் பியோங்தே, மூன்று வயது மூத்தவர், ஊர்ப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் மூவரும் மலையேறுவார்கள். பியோங்தே காட்டுத் திராட்சை பறித்துவந்து சாராயத்தில் ஊறப் போடுவார். கில்சூ கருவாலி மரத்துக் கொட்டை பொறுக்கி, மாவாக்கி, கூழ்க்கட்டி கிண்டுவான். சுன்பே மக்கல்லி போடுவார், அதாவது அரிசிக் கள். நவம்பர் முதல் ஞாயிறு மூன்றையும் சுன்பே வீட்டுக் கொல்லையில் வைத்துச் சாப்பிடுவது ஏற்பாடு.

மற்ற இரண்டும் துடைத்து வைத்ததுபோலக் காலியாகும். சுன்பேயின் ஜாடி மட்டும் அப்படியே நிற்கும். ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிப்பார்கள். எப்படி என்று கேட்டால், "பரவால்லப்பா" என்பான் கில்சூ. அப்புறம் ஒருவருக்கு வயிறு சரியிருக்காது, இன்னொருவருக்கு மறுநாள் பல் டாக்டர். தன் கள்ளும் ஒருநாள் சொட்டு மிச்சமில்லாமல் தீரவேண்டும். சுன்பேயின் ஆசை அவ்வளவுதான்.

முதல் வருடம் தண்ணீர்மேல் பழி போட்டார். மறு வருடம் மலை ஊற்றிலிருந்து கேன் கேனாகச் சுமந்தார். அதுவும் சரிவரவில்லை. சந்தையில் வாங்கிய நுருக் மட்டம் என்று நினைத்தார். நுருக் என்பது கோதுமையில் பிடித்துக் காயவைக்கும் புளிப்புக் கட்டி. இந்த வருடம் பக்கத்து மாவட்டம் வரை போய் நல்லதாக வாங்கி, மூன்று நாள் வெயில் காட்டினார். அரிசியை நூறு முறை தண்ணீர் மாற்றிக் கழுவினார். ஜாடியை வைக்கோல் புகையில் கவிழ்த்துச் சுத்தம் செய்தார். வீட்டில் தரை சூடாகும் அறை ஒன்றே ஒன்றுதான். அங்கே கொண்டுபோய் வைத்து, கம்பளி போர்த்தி, பத்து நாள் காவல் காத்தார். திறந்தபோது மேலே ஒரு வழவழப்பு. மூக்கருகே கொண்டுபோனால் சொல்லத் தெரியாத ஒரு வீச்சம். வடிகட்டினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த ஞாயிறும் கில்சூ குடித்தான். "பரவால்லப்பா" என்றான். பியோங்தே பாதிக் கிண்ணத்தைக் கையில் வைத்து வெகுநேரம் மலையைப் பார்த்தார். "உங்க வீட்டு சொங்குக்ஜாங் அருமைப்பா" என்றார். சொங்குக்ஜாங் என்றால் வேகவைத்த சோயாவை வைக்கோலோடு மூடி, நூல்விடும்வரை புளிக்கவைத்துச் செய்யும் குழம்பு. சுன்பேக்கு அது உயிர். அறுப்பு முடிந்து புதுச் சோயா வந்ததும் தன் கையாலேயே போடுவார். அன்றைக்கு அந்தக் குழம்பு வைக்கவே இல்லை. இல்லாத குழம்பை எதற்குப் புகழ்கிறார் என்று சுன்பேக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று மணிக்கே இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

கில்சூ தொப்பியை மறந்துவிட்டுப் போயிருந்தான். கொடுத்துவிட்டு வரலாம் என்று சுன்பே சைக்கிளில் போனால், முக்குக் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் கடை மக்கல்லி, மூன்று பாட்டில் காலி, நாலாவது பாதி. வயிறு சரியில்லாதவர் கருவாட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. கில்சூ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். சுன்பே உட்காரவில்லை.

"என் வீட்ல ஜாடி நிறைய இருக்கு. இங்க வந்து காசு குடுத்துக் குடிக்கிறீங்க."

"அது தீர்ந்துடக்கூடாதேன்னுதான்" என்றார் பியோங்தே.

"அண்ணே, நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னு சொல்லுங்க. மூணு வருஷமா பரவால்லன்னே சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கில்சூவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "அதைத்தானேய்யா மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றான்.

கடைக்காரம்மா வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சோயா எந்த அறையில் புளிக்கிறது என்று கேட்டாள். சூடான அறையில்தான் என்றார் சுன்பே. ஜாடி எங்கே என்றாள். அங்கேதான் என்றார். கம்பளி? ஒரே கம்பளிதான், பெரியது, இரண்டையும் சேர்த்துப் போர்த்தலாம். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அப்போதுதான் சுன்பேக்கு உறைத்தது. வைக்கோலில் இருந்து சோயாவுக்கு வரும் அந்தப் புளிப்புக் கிருமி பக்கத்தில் இருக்கிற எதையும் விடாது. கள்ளுக்குள்ளும் இறங்கி அதை வழவழவென்று ஆக்கியிருக்கிறது. மூன்று வருடமும் தண்ணீரையும் நுருக்கையும் திட்டியிருக்கிறார். கோளாறு அவர் கையாலேயே போர்த்திய கம்பளிக்குள் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஜாடியைக் கொல்லையில் கவிழ்த்தார். மியோங்ஜா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?" என்றார்.

"நான்தான் முதல் வருஷமே கேட்டேனே சூஜின் அப்பா, 'ரெண்டும் ஒரே ரூம்லயா'ன்னு."

"கேட்ட. நானும் ஆமான்னு சொன்னேன்."

"ஆமான்னுட்டீங்க. அதுக்கு மேல ஒரு பொம்பள என்னத்தச் சொல்றது?"

சுன்பே பல்லைக் கடித்துக்கொண்டு ஜாடியைத் தேய்த்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் இவள் இப்படி இன்னும் எத்தனை கேள்வி கேட்டிருப்பாள், தான் எத்தனைக்கு ஆமா போட்டிருப்போம் என்று நினைக்க நினைக்க மண்டை காய்ந்தது. பட்டறைக் கூரை ஒழுகியது, மூத்தவள் சூஜினைப் பட்டணத்துக்கு அனுப்பியது, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கேள்வி இருந்த ஞாபகம்.

மறுநாளே திரும்பப் போட்டார். இம்முறை பட்டறைக்குப் பின்னால் உதிரிபாகம் வைக்கும் அறை. சோயா அந்தப் பக்கமே வரவில்லை. உடுப்பையும் மாற்றிக்கொண்டுதான் உள்ளே போனார். மின்கம்பளத்தை விரித்து அதன்மேல் ஜாடியை வைத்தார். இரண்டு கிலோ அரிசிதான் போட்டார். இன்னொரு முறை வீணானால் மனசு தாங்காது. நாலாம் நாள் ஜாடியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மழை தூறுவதுபோலச் சன்னமாகப் பொரிந்தது. நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று அவர் காதுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதினொன்றாம் நாள் மத்தியானம் கில்சூவையும் பியோங்தேயையும் பட்டறைக்கு வரச்சொன்னார். வடித்து எடுத்ததில் ஒரு பெரிய கெட்டில்தான் தேறியது. ஊற்றுவதற்கு முன்னால் சொல்லிவிட்டார்: பரவாயில்லை என்ற வார்த்தை இன்றைக்கு இந்தக் கூரைக்குக் கீழே வரக்கூடாது, மலையைப் பார்க்கக்கூடாது, குழம்பைப் பற்றிப் பேசக்கூடாது.

கில்சூ குடித்தான். பேச வாயெடுத்து மூடிக்கொண்டான். பாம்பை விழுங்கச் சொன்னதுபோல முழித்தான். பியோங்தே அவன் முதுகில் தட்டி, "சொல்லிடுப்பா, சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

"புளிக்குது" என்றான் கில்சூ. "தண்ணி ஜாஸ்தி. அரிசி நடுவுல வேகல. எங்கப்பா கால்ல மிதிச்சுப் போட்டாக்கூட இதவிட நல்லா இருக்கும்."

சொல்லி முடித்ததும் அவன் நெற்றி வேர்த்திருந்தது.

சுன்பே கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். கேட்டதும் காது இரண்டும் கொதித்தது.

"தண்ணி ஜாஸ்தியா? அளந்து ஊத்துனேன்யா. மிளகாய் காயவைக்கிற பய எனக்குத் தண்ணி அளவு சொல்றியா? இன்னொரு வாய் குடி. குடிச்சிட்டுச் சொல்லு."

கில்சூ குடித்தான். ஜாஸ்திதான் என்றான். சுன்பே தானும் ஊற்றிக் குடித்து, இல்லை என்றார். பியோங்தே நடுவராக ஒரு கிண்ணம் குடித்து, தண்ணீர் சரி, சூடுதான் பத்தவில்லை என்றார். அதைக் கில்சூ ஒப்புக்கொள்ளவில்லை. அடியில் இருப்பது வேறு, மேலே இருப்பது வேறு என்றான். அப்படியானால் கலக்கிக் குடித்துப் பார் என்றார் சுன்பே. கலக்கினார்கள். வேகாத அரிசி எங்கே என்று காட்டச் சொன்னார். வடிகட்டிய கள்ளில் எங்கிருந்து அரிசி வரும், ருசியில் தெரிகிறது என்றான் கில்சூ. எங்கே தெரிகிறது, இன்னும் ஒரு வாய் குடி என்றார். பூசான்காரனுக்கு நாக்கில் உப்பைத் தவிர வேறு தெரியாது என்று கில்சூ சொல்லிவிட்டான். முப்பது வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நேரடி வசவு. அதற்குச் சுன்பே ஸ்பானரைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்து, மூன்று கிண்ணத்திலும் ஊற்றினார். வண்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த ஒருவர் வாசலில் சற்றுநேரம் நின்றுவிட்டு, வண்டிக்கு அவசரமொன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெயில் சாயும்போது பியோங்தே கெட்டிலைத் தூக்கிக் குலுக்கினார். சத்தமில்லை. மூடியைத் திறந்து கண்ணை வைத்துப் பார்த்தார்.

"தீர்ந்துபோச்சுப்பா."

"தீரட்டும்" என்றார் சுன்பே, கில்சூவின் மூஞ்சியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஒண்ணேகால் பங்கு தண்ணிதான் ஊத்துனேன். எவன்கிட்ட வேணா கேளு."