வேறு பிராசஸரில் ஏறாத நிரல்

நான் வேலை பார்க்கும் ராஜபாளையம் மில்லில் என் கணினியில் ஒழுங்காகக் கம்பைல் ஆன, நான் எழுதிக் கொடுத்த ஃபைல் சிஸ்டம் நிரல், ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரிக் கணினியில் பிழை காட்டி நின்றது. அங்கே பிராசஸர் வேறு. நாளை மாணவர்களுக்கு அதில்தான் செய்முறைத் தேர்வு. இன்று காலையிலேயே ஃப்ளாப்பியோடு பஸ் ஏறினேன்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் பாத்திமா, “அம்புட்டும் சரியா இருக்குன்னு போன்ல சொன்னீங்களே சார்,” என்றார்.

“செத்த நேரம் குடுங்க,” என்றேன்.

பிழைச் செய்தி தெளிவாகவே இருந்தது. என் பிராசஸருக்கு மட்டுமே உரிய ஒரு ஹெடரை, அதாவது நிரலின் தலைப்பில் இணைக்கும் கோப்பை, சேர்த்திருந்தேன். அதை எடுத்துவிட்டுப் பொதுவான ஹெடரைச் சேர்த்தேன். கம்பைல் ஆனது. கோப்புகளும் திறந்தன.

“பொறவு ஒங்க மிஷின்லயும் ஓட்டிப் பாத்துருங்க,” என்றார் பாத்திமா.

மாலையில் மில்லுக்குத் திரும்பி ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது.

உங்களில் யாரிடமாவது மூன்றாவது வகை பிராசஸர் இருந்தால் சொல்லுங்கள், நிரலைத் தைரியமாக அனுப்புகிறேன். போனில் மட்டும் எதுவும் கேட்காதீர்கள்.