தாய்மாமன் மடியும் கார் கம்ப்யூட்டரும்

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? அதற்குள் கம்ப்யூட்டர் இருக்கிறதா? எங்கள் காருக்குள் இருக்கிறது. போன வாரம்தான் எனக்கே தெரிந்தது - அது செத்துப்போன பிறகு!

டாஷ்போர்டுக்கு அடியில், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதுதான் இன்ஜினுக்கு உத்தரவு போடுமாம். மதுரையில் புதுப் பெட்டி வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார் என் கணவர். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்றேன்.

"எதுக்கு? நாலு ஸ்க்ரூ, ஒரு பிளக்கு. நானே மாட்டிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை திருச்சுழியில் அவர் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? தங்கைக்கு இருப்பது இந்த ஒரே அண்ணன். அவரோ, "கார்லதான் வாரேன்" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அன்று காலை வாசலில் வேலை ஆரம்பம். பேட்டரி வயரைக் கழற்றினார். பழைய பெட்டியை எடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்... "புதுசுக்கு ஒரு பொட்டு வச்சிருவோமா?" என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் பாளையம்பட்டி முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "இது கம்ப்யூட்டரு! ஒங்க வீட்டு கிரைண்டர் இல்ல."

சீர்த்தட்டை, சந்தனக் கிண்ணத்தோடு, வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன். திரும்பி வந்தால் பெட்டியை மாட்டி முடித்திருந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது... சுற்றியது... பிடிக்கவே இல்லை.

உள்ளே போன் அடித்தது. தங்கைதான்.

"அண்ணே, மொட்ட போட்டாச்சு, ஆசாரியும் வந்துட்டாரு. ஒன் மடி மட்டுந்தான் வரல!"

"கெளம்பிட்டேம்மா" என்றார் - பனியனோடு.

திரும்ப வந்து பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே, பொடிப் பொடிக் கம்பிகளுக்கு நடுவே, ஈரமாக, மஞ்சளாக... சந்தனம்!

"சொல்லியும் கேக்காம வச்சிட்டேல்ல?" என்று விரலை நீட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் அந்த விரலைக் கவனித்தேன்.

"அந்த வெரல மோந்து பாருங்க."

பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "மொத மொதல்ல மாட்டுறோமேன்னு... லேசாத்தான்..."

வைத்ததுதான் வைத்தார், மூடி மேல் வைத்திருக்கக் கூடாதா? நம் வீட்டு ஆண்களின் பகுத்தறிவெல்லாம் பக்கத்தில் ஆள் இருக்கும் வரைதானோ?

பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்து, வெயிலில் காய வைத்தோம். நம்ம ஊர் வெயில் அதற்காவது உதவட்டுமே! அடுத்த திருப்பில் கார் உறுமியது.

திருச்சுழி மண்டப வாசலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். தங்கை ஓடி வந்து சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். இவர் சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தைரியமா எடுங்க" என்றேன். "மருமகன் காதுக்குள்ள மட்டும் வச்சிராதீக!"