மொட்டைக் காரில் மூதூர் போன கதை

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று போன கிழமை ஒரு பிள்ளை கேட்டது. இப்ப ஒரு மணித்தியாலம் என்றேன். நாங்கள் அறுபத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதம் நாலரை மணித்தியாலம் போனனாங்கள். அதை எழுதி வைத்தால் போகிறவைக்குப் பயன்படும். சில ஆட்கள் மாற்றிச் சொன்ன கதையும் நேராகும்.

போனது என்ரை தம்பி தவத்தின்ரை கலியாணத்துக்கு. பொம்பிளை வீடு மூதூர். முகூர்த்தம் பதினொன்று நாற்பதிலிருந்து பன்னிரண்டு இருபத்தைந்து வரை. அதைத் தவறவிட்டால் ஆவணி வரை நல்ல நாள் இல்லை என்று ஐயர் சொல்லிப்போட்டார்.

கார் என்னைக் கட்டின மனிசன்ரை. வெள்ளைக்கார நேவிக்காரர் ஒருத்தர் போகும்போது விட்டுவிட்டுப் போனது. முப்பதுகளில் செய்த அமெரிக்கக் கார், மேல்மூடி இல்லை. மூன்று வருசம் துருக்கறள் சுரண்டி, லொறி இஞ்சின் பூட்டி, முன்மூடியைக் கழற்றி எறிந்து, எங்கேயோ பார்த்த படம் மாதிரி வரவேணும் என்று ஸ்பிரிங்கையும் வெட்டிக் காரை நிலத்தோடு பதித்துவிட்டார். சீற் எல்லாம் நான் தைத்தது. ஒருத்தரும் அதைச் சொல்லுவதில்லை. தம்பி கடல் மிதவைக்குப் பூசுகிற சிவப்புப் பெயின்றைப் பூசினவன். அது சரியாகக் காயவே இல்லை. வெயில் ஏறினால் கதவின் மேல்விளிம்பு கையில் ஒட்டும். ஊரில் அதற்குப் பேர் மொட்டைக் கார்.

"அத்தான், உங்கடை காரிலைதான் மாப்பிள்ளையாப் போவன்" என்று தம்பி சொல்லிவிட்டான். எங்கடை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பாலையூற்றில் எங்கடை வீட்டுக் குசினி வாசலில் நின்று சொன்னா: "அந்தத் தகரத்திலையோ? தாலி என்னோடை லோஞ்சிலை வரும். அந்தக் காரிலை நான் செத்தாலும் கால் வைக்கமாட்டன்." பதினொரு பேர் கேட்டுக்கொண்டு நின்றவை. இப்பவும் பேர் சொல்ல ஏலும்.

லோஞ்ச் என்கிற இயந்திரப் படகு எட்டு மணிக்கு. ஆளுக்கு எழுபத்தைந்து சதம், குடாவைக் கடக்க ஒன்றேகால் மணித்தியாலம். அக்காவும் மற்றவையும் அதில். நாங்கள் மூன்று பேரும் காலை ஆறரைக்குக் காரில் வெளிக்கிட்டனாங்கள். கிண்ணியாத் துறை பன்னிரண்டு மைல், ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. அப்ப பாலம் இல்லை. வண்டில், கார் எல்லாவற்றையும் ஏற்றிக் கரைக்குக் கரை போகிற பெரிய மிதவைதான். பாதை என்று சொல்லுவினம்.

பலகையில் முன்சில்லு ஏறினது. நடு வயிறு பாதையின் விளிம்பில் குந்திவிட்டது. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது. பின்சில்லு சும்மா சுற்றி மண் எறிந்தது. பின்னால் நெல் வண்டில்கள் வரிசை.

முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே காக்கா என்பினம். பாதை ஓட்டுகிற காக்கா குனிந்து பார்த்தார். "இது காரா, உடும்பா? இப்பிடி நிலத்தோடை ஊருது!"

"சைலன்சரை அரிஞ்சு எடுத்தாச் சரி" என்றார் என்ரை மனிசன், இரும்பு அரியிற வாளைத் தேடிக்கொண்டு.

"அரியிறதுக்கிடையிலை கலியாணம் முடிஞ்சிரும்" என்றேன். எட்டேகாலும் ஆகிவிட்டது. தம்பி பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்க்க ஏலாது.

காக்காதான் யோசித்தவர். பாதையில் நின்ற சனத்தைப் பார்த்து, "எல்லாரும் இந்த விளிம்புக்கு வாங்க! மாப்பிள்ளையும் வரணும்!" என்றார். இருபது பேர் போலக் காருக்கு ரெண்டு பக்கமும் வந்து நெருக்கி நிற்க, விளிம்பு தாழ்ந்து கணுக்கால் வரை தண்ணி வந்தது. பலகையும் பாதையும் ஒரு மட்டம். மனிசன் அக்சிலேற்றரை மிதித்த மிதியில் கார் உள்ளே வந்துவிட்டது.

"அப்பிடி வா, உடும்பே!" என்று கத்தினார் காக்கா.

மனிசன் இருந்த காலம் முழுக்க அது தன்ரை மூளை என்றுதான் சொல்லித் திரிந்தவர். இல்லை. காக்கா சொன்னது. நான் பக்கத்தில் நின்றனான்.

பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி மூன்று துறையிலும் இறங்கி, சனத்தைக் கும்பிட்டு, இதே வேலை. பொம்பிளை வீட்டு வாசலுக்குப் போக மணி பதினொன்று.

பந்தல் நிறையச் சனம். அக்கா இல்லை. லோஞ்ச் இஞ்சின் நடுக்குடாவில் நின்றுவிட்டதாம். மாப்பிள்ளை இருக்கிறான், தாலி கடலில்.

லோஞ்ச் வந்து சேருகிற ஜெட்டி ஒரு மைல். நானும் மனிசனும் காரைத் திருப்பிக்கொண்டு ஓடினோம். பதினொன்று ஐம்பதுக்கு ஒருபடியாக லோஞ்ச் கரைக்கு வந்தது. தாலிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நனைந்த சேலையோடு அக்கா இறங்கினா. காரைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"நடந்து வாறன்" என்றா.

"வா. ஐயர் ஆவணி வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பார்" என்றேன்.

"முன்னுக்கு விடு."

"பின்னுக்கு இடமிருக்கு, அக்கா."

நான் எழும்பவில்லை. அக்கா ஒரு கையில் பெட்டியோடு கதவு விளிம்பைப் பிடித்து, அதிலேயே சாய்ந்து ஏறிப் பின்சீற்றில் விழுந்தா. உச்சி வெயில். பெயின்ற் ஒட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாலி பன்னிரண்டு ஐந்துக்கு ஏறினது.

போகிறவைக்கு: இப்ப நாலு இடத்திலும் பாலம். திருகோணமலையிலிருந்து கிண்ணியா வழியாக நாற்பது கிலோமீற்றர் வரும். பஸ்ஸில் போகலாம், வெயில் ஏற முன்னம் வெளிக்கிடுங்கோ. நேரம் குறித்த காரியம் என்றால் முக்கியமான சாமானையும் முக்கியமான ஆளையும் ஒரே வண்டியில் ஏற்றுங்கோ.

தம்பி இப்பவும் அந்தப் பொம்பிளையோடு மூதூரில் சுகமாக இருக்கிறான். காரை எழுபத்தெட்டுச் சூறாவளியில் வேம்பு விழுந்து நசுக்கிப்போட்டுது. அக்கா சாகும் வரைக்கும், தான் ஜெட்டியிலிருந்து நடந்து வந்ததாகத்தான் சொன்னவ. கலியாணப் படம் என்ரை அலுமாரியில் இருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அக்கா நிற்கிறா. இடுப்பிலிருந்து முழங்கால் வரை சேலையில் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. படம் கறுப்பு வெள்ளை. கோடு சிவப்பு.